வணிகத்தை அளக்கும் ஈர்ப்புச் சமன்பாடு

ஒரு வணிக ஒப்பந்தத்தால் இரு நாடுகளின் வணிகம் எவ்வளவு கூடியது? அந்த ஒப்பந்தம் இல்லாதிருந்தால் எவ்வளவு நடந்திருக்கும் என்று கணித்தால்தான் விடை கிடைக்கும். இதற்காக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் பொருளியலாளர்கள் தங்கள் ஆய்வுத்தாள்களில் அடிக்கடி எடுக்கும் கருவி ஈர்ப்பு மாதிரி. அந்த ஆணையம் 1916-இல் சுங்கவரி ஆணையமாகப் பிறந்து 1974-இல் இன்றைய பெயரைப் பெற்றது.

டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் இந்த மாதிரிக்குத் தந்த வடிவம் எளிது. பொருளாதாரங்கள் பெரிதானால் வணிகம் கூடும், தொலைவு கூடினால் குறையும். தொலைவின் கெழு (வணிகத்தை அது எவ்வளவு மாற்றுகிறது என்று காட்டும் எண்) பெரும்பாலும் -1-ஐ ஒட்டியே வருகிறது. தொலைவு இருமடங்கானால் வணிகம் ஏறக்குறையப் பாதியாகும்.

கை சுடும் இடம் பூஜ்யங்கள். பல நாட்டு இணைகள் பல பொருள்களில் வணிகமே செய்வதில்லை. மடக்கை எடுத்து மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் முறை) பொருத்தினால் அந்தத் தரவு வரிசைகள் எல்லாம் உதிர்ந்துவிடும், பூஜ்யத்துக்கு மடக்கை இல்லையே. எல்லா எண்ணோடும் 1 கூட்டுவது இன்னும் மோசம்: டாலரில் வைத்தால் ஒரு விடை, மில்லியன் டாலரில் வைத்தால் வேறு விடை. 2006-இல் பொருளியலாளர்கள் சான்டோஸ் சில்வா, டென்ரேரோ இருவரும் பரிந்துரைத்த பாய்சான் முறை மடக்கை எடுக்காமலே பொருத்துவதால் பூஜ்யங்களும் கணக்கில் நிற்கின்றன.

அடுத்து, ஏற்றுமதி நாடு-ஆண்டு, இறக்குமதி நாடு-ஆண்டு, நாட்டு இணை என மூவகை நிலைத்த விளைவுகளை, அதாவது ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லாத் தனித்தன்மைகளையும் ஒட்டுமொத்தமாக உள்வாங்கும் மாறிகளை, சேர்க்க வேண்டும். அதன்பின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, தொலைவு ஆகியவற்றுக்குத் தனிக் கெழு கிடைக்காது. அவை அந்த விளைவுகளுக்குள் கரைந்துவிடும். அது பிழையன்று.

உள்நாட்டு விற்பனையையும் சேர்ப்பது நல்லது. மொத்த வெளியீட்டு மதிப்பிலிருந்து ஏற்றுமதியைக் கழித்தால் அது வரும். மொத்த உள்நாட்டு உற்பத்தியிலிருந்து கழிக்கவே கூடாது. அது கூட்டுமதிப்பு, அதாவது வாங்கிய இடுபொருள்களின் விலையைக் கழித்த மதிப்பு; ஏற்றுமதியோ அவற்றையும் சேர்த்த முழு விலை. சிங்கப்பூருக்கு எதிர்மறை எண்ணே வந்து நிற்கும். ஆணையம் இலவசமாகத் தரும் வணிக-உற்பத்தித் தரவுத்தளம் 170 தொழில்துறைகளுக்கு இந்த எண்களைக் கொண்டுள்ளது. நாடுகள் அறிவிக்காத இடங்களை மதிப்பிட்டு நிரப்பாமல் விட்டிருப்பதே அதன் பெரும் பலம். நிரப்பிய எண்ணைப் பொருத்தினால் நிரப்பியவரின் அனுமானம்தான் முடிவாகத் திரும்பி வரும்.

ஒப்பந்தத்தின் கெழு 0.5 என்று வந்தால் 50 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். கெழுவை e-இன் (சுமார் 2.718) அடுக்காக வைத்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது சுமார் 65 விழுக்காடு. அதுவும் நேரடி விளைவு மட்டுமே. மூன்றாம் நாடுகளிடமிருந்து திசைமாறி வந்த வணிகத்தைப் பிரித்தறிய எல்லா நாடுகளின் வணிகமும் ஒன்றையொன்று பாதிப்பதைச் சேர்த்துக் கணிக்கும் முழுச் சமநிலைக் கணக்கைத் தனியே ஓட்ட வேண்டும்.