டிராஃப்ட் முடிந்த மறுநாள் போடும் மார்க் எதை அளக்கிறது?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். 2012 ஏப்ரலில் அது முடிந்த கையோடு சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு நிபுணர்கள் போட்ட மார்க் படுகேவலம். சில இடங்களில் நேராக எஃப், அதாவது ஃபெயில். 15ஆவதாக எடுத்த புரூஸ் இர்வின் அவ்வளவு முன்னால் போக வேண்டிய ஆளே இல்லை என்றார்கள். 75ஆவதாக எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர்) ஆறடிகூட இல்லை என்றார்கள். அந்த ஆறடி இல்லாத ஆள் ரஸ்ஸல் வில்சன். 2014 பிப்ரவரியில் அதே அணி டென்வர் அணியை 43-8 என்று துவைத்துக் காயப்போட்டு, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைத் தூக்கியது. அன்று பந்தை வீசியவர் வில்சன், தடுப்பாட்டத்தின் நடுவில் நின்ற லைன்பேக்கர் பாபி வாக்னர் அதே டிராஃப்டில் 47ஆவதாக வந்தவர்.

இதைக் காட்டி, நிபுணர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மார்க் தப்பு என்பதைவிட, அது வேறு எதையோ அளந்தது என்பதுதான் விஷயம்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபிஎல் ஏலத்தில் பையில் காசு இருக்கிறவர் கையைத் தூக்கலாம். இங்கே ஏலமே கிடையாது, வரிசை மட்டும்தான். போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில். 32 அணிகள், 7 ரவுண்டு, மொத்தம் 250க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்கள். தன் இடத்தை, அடுத்தடுத்த வருஷத்து இடத்தைக்கூட, ஓர் அணி இன்னோர் அணிக்குக் கொடுத்து வேறு இடமோ வீரரோ வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்றால், டிராஃப்டுக்கு முன்பே எல்லாரும் ஆளுக்கொரு தரவரிசை வைத்திருப்பார்கள். 40ஆவது ரேங்க் ஆளை 60இல் எடுத்தால் கெட்டிக்காரத்தனம், 90ஆவது ரேங்க் ஆளை 15இல் எடுத்தால் முட்டாள்தனம். அதாவது ஓர் அணி ஊரோடு எவ்வளவு ஒத்துப்போனது என்பதைத்தான் அந்த மார்க் சொல்கிறது. ஊர் சொல்வது சுத்தப் பொய்யும் இல்லை, சராசரியாகப் பார்த்தால் முன்னால் போகிறவர்கள் பின்னால் போகிறவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். சிக்கல், இந்த 'சராசரியாக'வுக்குள் எவ்வளவு சிதறல் இருக்கிறது என்பதில்.

அதை அளந்தவர்கள் கேட் மாஸ்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் (தேலர் 2017இல் நோபல் வாங்கியவர்). ஒரே ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை எடுத்துக்கொண்டு, முதலில் எடுக்கப்பட்டவர் பிற்பாடு உண்மையிலேயே மேலாக ஆடினாரா என்று பார்த்தார்கள். கிடைத்த விடை 52 சதவீதம். காசைச் சுண்டினால் 50. மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, பேட்டி எடுத்து, கடைசியில் அந்த இரண்டு சதவீதம்தான் மிச்சம். முதல் ரவுண்டையும் ஐந்தாம் ரவுண்டையும் பிரித்துச் சொல்ல அணிகளுக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரைப் பிரிக்கத்தான் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து ஆளுக்காகச் சொத்தையே எழுதிவைப்பவர்கள் உண்டு.

அதே 2012இல் வாஷிங்டன் அணி செய்தது அதுதான். ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுக்க அவர்களுக்கு 2ஆவது இடம் வேண்டும். அது செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கையில். இப்படிப்பட்ட பேரத்துக்கு அணிகள் பல காலமாக வைத்திருக்கும் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. 90களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்தது. 1ஆவது இடத்துக்கு 3000 புள்ளி, 2ஆவதுக்கு 2600, 6ஆவதுக்கு 1600, 32ஆவதுக்கு வெறும் 590. வாஷிங்டன் கொடுத்தது அந்த வருஷத்து 6ஆவது இடம் (1600), 39ஆவது இடம் (510), அப்புறம் 2013, 2014 இரண்டு வருஷத்துக்குமான முதல் ரவுண்டு இடங்கள். அந்த இரண்டும் எங்கே போய் விழும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 2013இல் அது 22ஆவது இடமாக வந்தது (780). 2014இல் வாஷிங்டன் படுதோல்வி கண்டிருந்ததால், அது மறுபடி 2ஆவது இடமாகவே வந்தது (2600). கூட்டிப் பாருங்கள்: 2600 புள்ளிச் சரக்குக்கு 5490 கொடுத்திருக்கிறார்கள்.

இது பின்புத்தி கணக்கு என்று நீங்கள் சொல்லலாம். பாதி சரி. ஆனால் மாஸ்ஸியும் தேலரும் கண்ட இன்னொன்று, அடுத்த வருஷத்து இடத்தை விற்று இந்த வருஷம் வாங்கும்போது அணிகள் கட்டுகிற வட்டி, கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிற மேலாளருக்கு இரண்டு வருஷம் கழித்து வரும் இடம் எதற்கு, அது அடுத்து வருகிறவர் தலைவலி.

கிரிஃபின் மோசமான ஆளும் இல்லை. முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது வாங்கினார். 2013 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போனது, அதற்குப் பிறகு பழைய ஆளாகத் திரும்பவே இல்லை. அன்று எதிரணி சியாட்டில், எதிர்ப்பக்கக் குவார்ட்டர்பேக் வில்சன். முழங்காலை டிராஃப்ட் மார்க்கில் கழிக்கலாமா? நான் கழிக்க மாட்டேன். அந்த விலையைக் கழிப்பேன். எந்த ஆளுக்கும் முழங்கால் போகலாம் என்பது தெரிந்த விஷயம்தான். மூன்று வருஷத்து முதல் ரவுண்டை ஒரே முழங்காலில் கட்டி வைத்ததுதான் தப்பு. வேடிக்கை என்னவென்றால், அதே டிராஃப்டின் நான்காம் ரவுண்டில், 102ஆவதாக, வாஷிங்டனே கர்க் கசின்ஸை எடுத்தது. 2015இல் அந்த அணிக்கு முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனவர் அவர்தான்.

ராம்ஸ் பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். 2014 டிசம்பரில் வாஷிங்டன் மைதானத்துக்கு ஆடப் போனபோது, டாஸ் போட ராம்ஸ் அனுப்பிய ஆறு கேப்டன்களும் அந்த ஒரே பேரத்தில் வந்த வீரர்கள். குசும்பு! ஆட்டம் 24-0, ராம்ஸ் வெற்றி. ஆனால் அந்த சீசனில் ராம்ஸ் ஜெயித்தது 16இல் 6தான். பேரத்தில் ஏறுமுகம், பட்டியலில் இறங்குமுகம். இடங்களைச் சேர்ப்பது ஒரு திறமை, அந்த இடத்தில் ஆளைப் பிடிப்பது வேறு. 2ஆவது இடத்தில் அவர்கள் எடுத்த கிரெக் ராபின்சன் அந்த உயரத்துக்கு ஆடவே இல்லை.

சரி, அப்படியானால் ஒழுங்காக மார்க் போடுவது எப்படி?

முதல் வேலை, மூன்று நான்கு வருஷம் பொறுத்திருப்பது. அடுத்தது, வெவ்வேறு வேலை செய்கிற ஆட்களை ஒரே தராசில் நிறுத்த ஓர் எண். எதிராளிகளை மறித்து நிற்கிற, பந்தைத் தொடவே தொடாத லைன்மேனையும் குவார்ட்டர்பேக்கையும் எப்படி ஒப்பிடுவது? ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தை ஆரம்பித்த டக் டிரைனன் இதற்கு 'தோராய மதிப்பு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அணியின் தாக்குதல் பிரிவு தனக்குக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை புள்ளி எடுத்தது என்று பார்த்து, லீக் சராசரியோடு ஒப்பிட்டு, பிரிவுக்கென்று மொத்தமாக ஒரு மதிப்பு போடுவார்கள். பிறகு அதை லைன்மேன்களுக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று, ஆடிய ஆட்டங்களையும் வாங்கிய விருதுகளையும் பார்த்துப் பிரிப்பார்கள். நல்ல அணியில் சுமாராக ஆடுகிறவருக்கும் கொஞ்சம் ஓசி மார்க் விழும், பெயரிலேயே 'தோராயம்' என்று ஒப்புக்கொண்டிருப்பதால் பெரிதாகச் சண்டை போட முடியாது.

இனி அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? பூஜ்யத்தோடு இல்லை. 75ஆவது இடத்தைச் சுற்றி இத்தனை வருஷமாக எடுக்கப்பட்டவர்கள் சராசரியாக என்ன கொடுத்தார்களோ, அதோடு. ஒவ்வோர் இடத்துக்கும் இப்படிச் சராசரி எடுத்துக் கோடு போட்டால், ஆரம்பத்தில் விறுவிறுவென்று இறங்கி அப்புறம் மெல்லத் தட்டையாகிற ஒரு வளைவு வரும். ஜிம்மி ஜான்சன் பட்டியல் 32ஆவது இடத்தை முதல் இடத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே தள்ளுகிறது; ஆட்டத்தை வைத்துப் போட்ட வளைவுகள் அவ்வளவு செங்குத்தாக விழுவதில்லை. முன்னால் இருக்கிற ஓர் இடத்தைக் கொடுத்துப் பின்னால் நிறைய இடம் வாங்குவது ஏன் லாபம் என்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்தது சம்பளம். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2013இல் 12.3 கோடி டாலர். வில்சனின் முதல் நான்கு வருஷ ஒப்பந்தம் மொத்தமே சுமார் 30 லட்சம் டாலர். அதே 2013இல் பால்டிமோர் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ கையெழுத்திட்டது ஆறு வருஷத்துக்கு 12 கோடிக்கும் மேல். ஒரே வேலைக்கு இந்த வித்தியாசம். மிச்சமான காசில் சியாட்டில் மற்ற இடங்களுக்கு ஆள் பிடிக்க முடிந்தது. ஒரு டிராஃப்ட் தேர்வின் உண்மையான மதிப்பு, அவர் ஆடுகிற ஆட்டத்துக்குச் சந்தை கொடுக்கும் விலைக்கும் அவருக்கு அணி கொடுக்கிற சம்பளத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான். 2010இல் முதல் இடத்தில் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். 2011இல் புதுமுகச் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும், முதல் இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. மாஸ்ஸி, தேலர் பார்த்த பழைய காலத்தில் முதல் இடம் ஒரு வகைச் சுமை. இன்று அப்படிச் சொல்ல முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரிப்பது பெரும்பாடு. ஓர் அணிக்கு வருஷத்துக்கு ஏழெட்டுத் தேர்வுதான். ஐந்து வருஷம் சேர்த்தாலும் நாற்பதுக்குள்தான். அதில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக் மாட்டினால் மேலாளர் மேதை. பின்னாளில் பெரிய குவார்ட்டர்பேக் ஆன டாம் பிரேடியை 2000இல் நியூ இங்கிலாந்து அணி 199ஆவதாக எடுத்ததை இன்னும் தீர்க்கதரிசனம் போலப் பேசுகிறார்கள். அப்படித் தெரிந்திருந்தால் 199 வரை எதற்குக் காத்திருந்தார்கள்? சியாட்டிலையே பாருங்கள். 2010 முதல் 2012 வரை கேம் சான்சலர், ரிச்சர்ட் ஷெர்மன் என்று ஐந்தாம் ரவுண்டில்கூட நட்சத்திரங்களை அள்ளிய அதே பயிற்சியாளர் பீட் கேரல், மேலாளர் ஜான் ஷ்னைடர் கூட்டணி, 2013இல் முதல் ரவுண்டு இடத்தைப் பெர்சி ஹார்வின் என்ற வீரருக்காகக் கொடுத்துவிட்டு, 62ஆவதாக எடுத்த கிறிஸ்டின் மைக்கேலிடமும் பெரிதாக ஒன்றும் பெறவில்லை. ஹார்வின் 2014 அக்டோபரில் வேறு அணிக்குப் போய்விட்டார்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. 2022 மார்ச்சில் சியாட்டில் வில்சனை டென்வருக்குக் கொடுத்து இரண்டு முதல் ரவுண்டு, இரண்டு இரண்டாம் ரவுண்டு இடங்களோடு மூன்று வீரர்களையும் வாங்கியது. அந்த சீசனில் டென்வர் 17இல் 5 ஆட்டம் மட்டுமே ஜெயித்ததால், கைக்கு வந்தது 2023இன் 5ஆவது இடம். அதில் எடுத்த டெவன் விதர்ஸ்பூன் முதல் வருஷமே, லீக்கின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். இவரை 2012இன் அந்த 75ஆவது தேர்வின் கணக்கில் சேர்க்கலாம் என்று வாதாடுகிறவர்கள் இருப்பார்கள். நான் முதல் ஒப்பந்தத்தின் நான்கு வருஷத்தோடு கணக்கை மூடிவிடுவேன், விதர்ஸ்பூனை 2022 பேரத்தின் வரவில் எழுதுவேன். அப்போதும் 2012 சியாட்டிலுக்கு ஏ ப்ளஸ்ஸில் ஒரு குறையும் வராது.