அத்தையின் தாயக்கட்டையை எவ்வளவு சந்தேகப்படலாம்?

"அத்தை உருட்டினால் வரிசையாக நாலு தாயம் விழுகிறது, கட்டையில் ஏதோ வேலை செய்து வைத்திருக்கிறார், கணக்குப் போட்டு நிரூபிக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிரூபிக்க முடியாது. எவ்வளவு சந்தேகப்படலாம் என்று வேண்டுமானால் கணக்குப் போடலாம், அதற்கு நிகழ்தகவைவிட ஆட்ஸ் (odds), அதாவது நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதம்தான் வசதி.

இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறும் பக்கம், ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். ஒன்றில் வெறும் பக்கமும் மற்றதில் ஒரு புள்ளியும் வந்தால் தாயம், அது 2 விதம். ஆக நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. இது பள்ளிக்கூடப் பாடம். ஆட்ஸ் மொத்தத்தைப் பார்ப்பதில்லை, எதிர்த்தரப்பைப் பார்க்கும்: விழுவது 2, விழாதது 14, ஆக 1:7. இதை 1/7 என்று எழுதி நிகழ்தகவாக்கிவிடுவதுதான் வழக்கமான தப்பு. அரிதான விஷயத்தில் பெரிய சேதமில்லை, ஆனால் நிகழ்தகவு 90% என்றால் ஆட்ஸ் 9:1, அதை 9/1 என்று நிகழ்தகவாக்கினால் அபத்தம். குதிரைப் பந்தயக்காரர்கள் போதாக்குறைக்கு தோற்பதை முதலில் சொல்வார்கள்.

சரி, அத்தைக்கு வருவோம். பத்து ஜோடியில் ஒன்று கள்ளக்கட்டை என்றும், அதில் தாயம் விழ 1/4 வாய்ப்பு என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உருட்டும் முன் சந்தேகத்தின் ஆட்ஸ் 1:9. தாயம் விழுவது கள்ளக்கட்டையில் இரண்டு மடங்கு எளிது என்பதால், ஒவ்வொரு தாயத்துக்கும் இடது பக்கத்தை இரண்டால் பெருக்கினால் போதும்: 2:9, 4:9, 8:9, 16:9. அவ்வளவுதான்! இதையே நிகழ்தகவில் எழுதினால் 10%, 18%, 31%, 47%, 64% என்று போகும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாட்சியம்தான் சேர்ந்தது என்பது அந்த எண்களைப் பார்த்தால் தெரியவே தெரியாது. நிகழ்தகவு 1-ஐத் தாண்ட முடியாமல் கூரையில் தலை இடித்துக்கொண்டு நிற்கும், ஆட்ஸுக்குக் கூரையே கிடையாது.

எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பெருக்கல்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் இதைத்தான் எடுத்துக்கொண்டார். ஆட்ஸின் மடக்கையை (logarithm) எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். அந்த அலகுக்கு அவர் குழு 'பான்' என்று பெயர் வைத்தது. கணக்குப் போடும் தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சான கதை அது. இந்தக் கணிதமே 1654-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதில் முளைத்தது. "உபயோகமில்லாத ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு?" என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ஒன்று மறக்கக் கூடாது. தாயம் விழாத ஒவ்வொரு உருட்டலும் அத்தை பக்கம் பேசும் சாட்சி. நல்ல கட்டையில் தாயம் விழாமல் போக 7/8, கள்ளக்கட்டையில் 3/4, ஆக 6/7-ஆல் பெருக்க வேண்டும். 16:9-க்கு அப்புறம் நாலு தடவை தாயம் விழாவிட்டால் ஆட்ஸ் மறுபடி சரிபாதிக்குக் கீழே இறங்கிவிடும். அந்த உருட்டல்களை எண்ணினீர்களா, இல்லை தாயத்தை மட்டும் எண்ணினீர்களா?