மழை பிரியும் முகட்டிலிருந்து ஒரு நீர்ப்பாடம்

கோத்தகிரி மலைமுகட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. வடக்குச் சரிவில் விழுவது மாயாற்றுக்கு இறங்குகிறது; தெற்குச் சரிவில் விழுவது ஓடைகள் வழியாக மேட்டுப்பாளையம் பக்கத்துப் பவானிக்குப் போகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் மறுபடி ஒன்று சேர்ந்து, ஈரோடு மாவட்டத்து வயல்களில் பாய்ந்து, மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இதை என் மாணவர்கள் புத்தகம் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால், தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது, தங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வெளியேறும் தண்ணீர் எந்தச் சரிவில் இறங்குகிறது என்று கேட்டால், முதல் நாள் வகுப்பில் யாருக்கும் பதில் தெரிவதில்லை.

இம்மலையில் 17 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாகவும், பள்ளியின் பசுமைப் படைப் பொறுப்பாளராகவும் இருக்கிறேன். நன்னீரைப் பற்றிக் கற்பிப்பதில் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த பிழைகளையும், பின்னர் வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொண்டவற்றையும் சக ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

புவியிலுள்ள நீரில் நன்னீர் சுமார் 2.5 விழுக்காடு, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பனியாக உறைந்திருக்கிறது, ஆறு, ஏரிகளில் இருப்பது மிகச் சிறிய பங்கு. பாடநூலில் உள்ள இந்தக் கணக்கு சரியானது, அதை நானும் நடத்துகிறேன். எனினும் அந்த விழுக்காட்டை மனப்பாடம் செய்த பிள்ளை, தண்ணீர் எங்கோ தொலைவில், பெரிய மனிதர்கள் கவலைப்பட வேண்டிய ஒரு பொருள் என்றே எண்ணிக்கொள்கிறது. மார்ச் 22 அன்று உலக நீர் நாளுக்குச் சுவரொட்டி வரைந்து பரிசு வாங்கும் அதே மாதத்தில்தான், எங்கள் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் குழாய்த் தண்ணீரின் முறைநாள் தள்ளிப்போகிறது. சுவரொட்டிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள தொடர்பைக் காட்டுவதே ஆசிரியரின் வேலை என்று எனக்குப் புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

இப்போது நான் பாடத்தைக் கோடநாடு காட்சிமுனையில் தொடங்குகிறேன். மூடுபனி விலகிய காலையில் அங்கே நின்றால், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும், தெங்குமரஹாடா கிராமமும், தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கமும் தெரியும். தெங்குமரஹாடா எங்கள் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் அங்கே போய்ச்சேர வேண்டுமானால் பவானிசாகர் வழியாகச் சுற்றிச் சென்று மாயாற்றைக் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசல்தான், அதுவும் முடியாத நாட்கள் உண்டு. மேலே நிற்கும் நாமும் கீழே ஆற்றைக் கடக்கக் காத்திருக்கும் அவர்களும் ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியின் இரு முனைகள் என்று அங்கே சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு வரையறை எழுதிப்போட வேண்டிய தேவையே எழுவதில்லை. ஒரு முகட்டுக்கு உட்பட்ட நிலத்தில் விழும் துளிகள் எல்லாம் எந்த வாய்க்கு வந்து சேர்கின்றனவோ, அந்த நிலம் முழுவதும் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி. கையகல ஓடைக்கும் அது உண்டு, காவிரிக்கும் உண்டு.

நீலகிரியில் இதைக் கற்பிப்பது ஒருவகையில் எளிது, இன்னொரு வகையில் கடினம். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பருவமழைகள் வெவ்வேறு பக்கத்தில் பெய்கின்றன. கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது எங்கள் பக்கம் சாரலோடு நின்றுவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. குன்னூரும் கோத்தகிரியும் பெரிதும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. 2009 நவம்பரில் அந்த மழையே நிலச்சரிவாக மாறி, மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அதேபோல் ஓட்டமும் வெவ்வேறு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு மேற்கே இறங்கிக் கேரளத்தின் சாலியாற்றோடு அரபிக் கடலுக்குப் போகிறது. குந்தா ஆற்றின் நீர் பில்லூர் அணை வழியாகக் கோயம்புத்தூர்க்காரர்களின் குடிநீராகிறது. ‘நீலகிரியில் நல்ல மழை’ என்ற செய்தியைப் படிக்கும் மாணவர், எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எந்த ஆற்றுக்கு என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும்.

அடுத்து லாங்வுட் சோலை. கோத்தகிரிக்கு அருகே 116 ஹெக்டேர் பரப்பிலுள்ள இந்தச் சோலைக்காடு, 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றியுள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கு இதுவே குடிநீரின் ஊற்றுக்கண். மழை நின்று பல வாரங்கள் கழிந்த பிறகும் அதனுள்ளிருந்து ஓடை வந்துகொண்டிருப்பது ஏன் என்ற கேள்வியை மாணவர்களிடம் விட்டுவிட்டு, தரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். உதிர்ந்த இலைகளும் பாசியும் வேர்களும் பின்னிய மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினால் அது ஈரத் துணிபோல் இருக்கும். எங்கள் மலையின் அடியிலிருப்பது சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. அதன்மேல் சிதைந்து உருவான ஆழமான மண்போர்வைதான் மழையை வாங்கி வைத்துக்கொண்டு, ஊற்றுகள் வழியாக மெதுவாக விடுகிறது. சோலையும், புல்வெளியும், பள்ளங்களில் கிடக்கும் சதுப்பும் அந்தப் போர்வையின் வாய் அடைபடாமல் வைத்திருக்கின்றன. சதுப்பை ‘வீணாய்க் கிடக்கும் சேற்றுநிலம்’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் நம்மிடம் போகவில்லை. அதில் வடிகால் வெட்டி மேடாக்கும் ஒவ்வொரு முறையும் கீழே ஓர் ஊற்றின் கோடைக்காலம் குறைகிறது என்பதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

பிறகு வாளிக் கணக்கு. இதற்கு 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஊற்றின் குழாய்வாயில் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 20 விநாடியில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். ஊரகப் பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால் அந்த ஊற்று ஏறத்தாழ 785 பேருக்குப் போதும். அதே வாளி நிறைய ஒரு நிமிடம் ஆனால், நாளொன்றுக்கு 14,400 லிட்டர். 261 பேருக்குத்தான் வரும். கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. ஆனால் நவம்பரில் ஒருமுறையும் மார்ச் கடைசியில் ஒருமுறையும் அதே ஊற்றில் அளந்துவிட்டு, தங்கள் ஊரில் எத்தனை குடும்பம் என்று விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் மாற்றம், எந்தச் சொற்பொழிவாலும் வருவதில்லை.

ஓடைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டுமாடும் கரடியும் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடமாடும் ஊர் இது. வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு, பெற்றோர் இருவரையேனும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் போய் மாலைக்கு முன் திரும்பிவிட வேண்டும். மழைநாளில் ஓடைக்குள் இறங்கக் கூடாது. அட்டைக் கடிக்கு உப்பு எடுத்துப் போனால் போதும்.

ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் ஒரு பாடம். சிறு மணல் துகள்களை ஒட்டித் தனக்குக் குழாய்க்கூடு கட்டிக்கொள்ளும் புழுவும், மூன்று மெல்லிய வால்கள் கொண்ட இளம்பூச்சியும் கல்லின் அடியில் இருந்தால், அந்த நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். அவை மறைந்து, சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால், மேலே ஏதோ நடக்கிறது. அந்த ‘மேலே’ என்ன என்று தேடிப் போனபோதுதான் என் கற்பித்தலில் இருந்த பெரிய குறை எனக்குப் பிடிபட்டது.

அந்த ஆண்டு 9ஆம் வகுப்பு மாணவர்களோடு ஓடையில் ஏறிச்சென்றபோது, கேரட் கழுவும் இடமொன்றிலிருந்து செம்மண் நிறத்தில் நீர் வந்து கலப்பதைப் பார்த்தோம். “இப்படி ஓடையைக் கெடுக்கிறவர்களை என்ன செய்ய வேண்டும்?” என்று நான் கேட்டேன். அபராதம் போடலாம், மூடலாம் என்று பலரும் உற்சாகமாகச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு மாணவி மட்டும் பின்தங்கி நடந்து வந்து, “டீச்சர், எங்க அப்பா அங்கதான் மூட்டை தூக்குறாரு. கழுவாம அனுப்பினா மேட்டுப்பாளையம் மண்டியில எடுக்க மாட்டாங்களாம்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் நான் அன்று கேட்ட கேள்வியில், அவளுடைய தந்தைக்குக் குற்றவாளி என்ற இடத்தைத் தவிர வேறு இடம் வைக்கவில்லை. எங்கள் பள்ளியில் படிப்போர் சிறுவிவசாயிகள், கொழுந்து பறிப்போர், கூலி வேலைக்குப் போவோர் ஆகியோரின் பிள்ளைகள். சுற்றுச்சூழல் பாடம் அவர்களுடைய வீட்டைக் குற்றஞ்சாட்டி முடிந்தால், அடுத்த வகுப்பில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தேர்வில் மட்டும் நமக்குப் பிடித்த விடையை எழுதிவிட்டுப் போவார்கள்.

அன்றிலிருந்து, முடிவெடுத்தல் என்பதைத் தனிப் பாடமாகவே நடத்துகிறேன். தொடக்கத்தில் அதைப் பட்டிமன்றம்போல வைத்துப் பார்த்தேன். உரக்கப் பேசிய அணி வென்றது, தெங்குமரஹாடாவுக்காகப் பேச ஆளே இல்லை. ஆகவே முறையை மாற்றினேன். ஒரு பள்ளத்தில் சதுப்பு இருக்கிறது, அதன் கீழே ஊற்று இருக்கிறது என்று ஒரு கற்பனை நிலத்தைக் கரும்பலகையில் வரைவேன். அதைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போட ஒருவர், காட்டேஜ் கட்ட ஒருவர், ஊருக்குத் தொட்டி வைக்க ஊர்க்காரர்கள், கீழ்நீரை நம்பியிருக்கும் சமவெளி விவசாயி என்று குழுக்கள் அமையும். ஒவ்வொரு குழுவும் பேசுவதற்கு முன்பு, தாங்கள் அளந்து அறிந்தது எது, ஊகிப்பது எது, இந்த முடிவால் பாதிக்கப்பட்டும் இந்த அறையில் இல்லாதவர் யார் என்று எழுதித் தர வேண்டும். பாதி வழியில் குழுக்களை இடம் மாற்றுவேன். நேற்றுவரை காட்டேஜுக்காகப் பேசியவன் இன்று ஊற்றில் குடம் வைத்துக் காத்திருப்பவனாகப் பேச வேண்டியிருக்கும்.

விடை எளிதாக வரக்கூடாது என்பதற்காகவே, யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். விறகுக்காக ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளிகளில் நடப்பட்ட இம்மரம், உதகையிலுள்ள மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் நடத்திய நீண்டகால ஆய்வின்படி, முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்ப்பிடிப்பின் நீர்வரத்தை ஏறத்தாழ 16 விழுக்காடு குறைத்தது. அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? செங்குத்துச் சரிவில் ஒரே நேரத்தில் வெட்டினால் அடுத்த மழையில் மண் இறங்கும். தைலம் காய்ச்சிப் பிழைப்பவர்களும், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிப்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் சீகை (வாட்டில்) என்னும் அயல் மரம் முளைத்து மூடிக்கொள்ளலாம். எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில், வெட்டிய பின் என்ன நடுவது என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கும் இடம்வரை அழைத்துச் செல்வதே என் நோக்கம். நான் முடிவைச் சொல்லிவிட்டால் அவர்கள் அதை எழுதிக்கொண்டு நிறுத்திவிடுவார்கள்.

கடந்த முறை சதுப்புப் பாடத்தில் ஒரு குழு நல்லதொரு யோசனை சொன்னது: பள்ளத்தின் நடுப்பகுதியைத் தொடாமல் விட வேண்டும், மேலேயுள்ள நிலத்தில் சரிவின் குறுக்கே மட்டும் பாத்தி வெட்ட வேண்டும், கேரட் கழுவிய நீரை ஓரிரவு குழியில் தங்கவைத்து, வண்டல் அடங்கியபின் விட வேண்டும். வகுப்பே கைதட்டியது. அப்போது இன்னொரு மாணவி எழுந்து, இருபது சென்ட் வைத்திருப்பவருக்குக் குழி வெட்ட இடம் ஏது, அந்த இடத்தில் விளையாத கேரட்டுக்கு யார் பணம் தருவார் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. பலரும் சேர்ந்து ஒரே பொதுக்குழி, அதை ஊராட்சி பராமரிப்பது என்று ஒருவன் சொன்னான்; கழிவுநீரை அங்கே கொண்டுவரக் குழாய்ச் செலவு யாருடையது என்று உடனே அடுத்த கேள்வி வந்தது.

தமிழ்நாட்டில் மார்ச் 22 அன்றும் கிராமசபை கூட்டப்படும் என்று 2022இல் அரசு அறிவித்தது. மாணவர்களுக்கு அங்கே வாக்கில்லை, ஆனால் ஊராட்சியின் வாக்காளர்களான அவர்களுடைய பெற்றோர் அதன் உறுப்பினர்கள். ஆகவே சுவரொட்டிப் போட்டியை நிறுத்திவிட்டு, நவம்பர் வாளிக் கணக்கையும் மார்ச் வாளிக் கணக்கையும் ஊர்வாரியாக ஒரே தாளில் எழுதி, கீழே அந்தப் பொதுக்குழிக் கேள்வியையும் சேர்த்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். இந்த ஆண்டுக்கான மார்ச் அளவு இன்னும் எடுக்கவில்லை. வாளியும் கடிகாரமும் ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.