ஒரு நிரூபணம் சரிதான் என்று யார் சொல்வது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய சித்தப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எண்களைப் பற்றி இன்னும் யாரும் நிரூபிக்காத கோல்ட்பாக் யூகத்தை நிரூபித்துவிட்டதாகச் சொல்லி எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஆய்விதழ்கள் சிலவற்றுக்கு அனுப்பியும் பார்த்தாராம். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை, மற்றவை இரண்டே வரியில் மறுத்துவிட்டன. "படித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்புகிறார்களா? கணிதத்தில் ஒன்று சரி என்று முடிவு செய்வது யார்?" என்று கேட்கிறார்.

கணிதத்துக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரை தப்பென்றால் அடுத்தவர் செய்யும் சோதனையில் என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும். நிரூபணத்துக்கு அந்த வழி இல்லை, யாராவது உட்கார்ந்து படித்தே தீர வேண்டும். அப்படிப் படிக்க ஆள் பிடித்து, விடாமல் துரத்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் கணித ஆய்விதழ் என்று பெயர். அச்சடிப்பது, சந்தா வாங்குவது எல்லாம் அப்புறம்.

இந்தத் துறையில் உச்சியில் இருப்பவற்றில் ஒன்று அமெரிக்காவின் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்'. அதன் தொடக்கம் அவ்வளவு பகட்டானதல்ல. தானாகவே கணிதம் கற்ற ஜோயல் ஹெண்ட்ரிக்ஸ் என்பவர் 1874-இல் அயோவா மாநிலத்தின் டி மோயின் நகரில் 'தி அனலிஸ்ட்' என்ற இதழை ஆரம்பித்துப் பத்தாண்டுகள் நடத்தினார். அது நின்றதும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வானியலாளர் ஆர்மண்ட் ஸ்டோன் 1884-இல் அதன் தொடர்ச்சியாக அன்னல்ஸைத் தொடங்கினார். 1899-இல் ஹார்வர்டுக்கும், 1911-இல் பிரின்ஸ்டனுக்கும் இடம் மாறியது. 1933-லிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருக்கும் உயர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன.

அதை உலகத்தரத்துக்குத் தூக்கிவிட்டவர் என்று எல்லோரும் சொல்வது சாலமன் லெஃப்ஷெட்ஸை. பொறியாளராக வேலை பார்த்தவர். 1907-இல் நடந்த ஒரு மின்மாற்றி விபத்தில் இரண்டு கைகளையும் இழந்து கணிதத்துக்கு வந்தவர். 1928 முதல் 1958 வரை அன்னல்ஸின் ஆசிரியர். அவரைப் பற்றி கணிதக்காரர்களிடையே ஒரு கேலி உண்டு: லெஃப்ஷெட்ஸ் தப்பான தேற்றம் ஒன்றையும் சொன்னதில்லை, சரியான நிரூபணம் ஒன்றையும் எழுதியதில்லை. அப்படிப்பட்டவர்தான் அடுத்தவர் நிரூபணங்களுக்குக் காவல் இருந்தார்.

நம் ஊர்க்காரர்களுக்கும் அன்னல்ஸில் இடம் உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீனிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி 1965-இல் அதில் எழுதிய கட்டுரைதான் இன்றும் 'நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்' என்ற பெயரில் புழங்குகிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை விரைவாகக் கண்டுபிடிக்கக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் 2002-இல் கண்ட வழியும் 2004-இல் அன்னல்ஸில்தான் வெளியானது. வெறும் 13 பக்கம்.

சரி, கட்டுரை ஒன்று போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதலில் ஆசிரியர் குழுவில் அந்தத் துறைக்கு நெருக்கமான ஒருவர் மேலோட்டமாகப் பார்ப்பார். தேறும் என்று பட்டால் இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்பி, "இது சரி என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் நம் இதழில் போடும் அளவுக்குப் பெரிய விஷயமா?" என்று மட்டும் கேட்பார். பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். தாண்டியவை நடுவரிடம் போகும். ஆங்கிலத்தில் ரெஃப்ரி என்பார்களே, அவர்தான். எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரியும், நடுவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. நடுவருக்குச் சம்பளம் இல்லை. ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

என்னைச் சொக்க வைப்பது இந்த நடுவர் படிக்கும் விதம். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் போவார் என்று நினைப்போம். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. "எளிதில் காணலாம்" என்று எழுதியவர் தாண்டிப் போன இடங்களைத் தேடுவார்கள். மேற்கோள் காட்டிய பழைய தேற்றத்தின் நிபந்தனைகள் இங்கே உண்மையில் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, அதுதான் அழகு: இந்த வாதம் தேவைக்கு மேல் நிரூபித்துவிடுகிறதா? அதாவது, இதே வாதத்தைக் கொண்டு ஒரு பச்சைப் பொய்யையும் நிரூபிக்க முடியுமா? முடிந்தால், எந்த வரியில் தப்பு என்று தேடாமலே தப்பு இருப்பது உறுதியாகிவிடும்.

சித்தப்பாவின் கோல்ட்பாக்கிலேயே செய்து பார்ப்போம். 2-ஐவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது யூகம். 1742-இல் கோல்ட்பாக்குக்கும் ஆய்லருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் பிறந்தது, இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆர்வலர்கள் எழுதும் நிரூபணங்களில் அடிக்கடி வருகிற வாதம் இது: பகா எண்கள் ஏராளமாக இருக்கின்றன. இரண்டிரண்டாகக் கூட்டினால் கிடைக்கும் ஜோடிகள் அதைவிட ஏராளம். எண் பெரிதாகப் பெரிதாக ஜோடிகளும் கூடிக்கொண்டே போகின்றன. இத்தனை ஜோடிகளில் ஒன்றுகூட நமக்கு வேண்டிய எண்ணைத் தராமல் போகுமா?

100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே 25 பகா எண்கள். கூட்டினால் 100 வரும் ஜோடிகள் ஆறு: 3+97, 11+89, 17+83, 29+71, 41+59, 47+53. இப்போது ஒரு விஷமம் செய்வோம். ஜோடிக்கு ஒன்றாக 97, 89, 83, 71, 59, 53 ஆகிய ஆறையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மீதி 19 எண்கள். இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் 100 வராது.

25-இல் 6 போனால் பெரிய இழப்பாயிற்றே என்பீர்கள். நியாயம்தான். பத்து லட்சத்துக்குப் போவோம். அதற்குக் கீழே 78,498 பகா எண்கள், பத்து லட்சத்தைத் தரும் ஜோடிகள் 5,402. ஜோடிக்கு ஒன்றை நீக்கினால் போவது ஏழு சதவீதம்கூட இல்லை. பத்துக் கோடியில் 57,61,455 பகா எண்கள், ஜோடிகள் 2,91,400. நீக்க வேண்டியது ஏறத்தாழ ஐந்து சதவீதம். எண் பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் இன்னும் சுருங்கும் என்பதற்கு நிரூபணமே இருக்கிறது. அதாவது, எண்ணிக்கையில் பகா எண்களோடு கிட்டத்தட்ட சமமாக இருந்தும், வேண்டிய எண்ணை ஒருபோதும் தராத ஒரு பட்டியலை எந்த எண்ணுக்கும் நம்மால் தயார் செய்ய முடிகிறது. 'ஏராளமாக இருக்கிறது' என்ற ஒன்றை மட்டும் நம்பிய வாதம் இந்தப் போலிப் பட்டியலுக்கும் அப்படியே பொருந்தும். பொருந்தினால், பொய்யான ஒன்றை நிரூபித்துவிடும்!

இதைத் தெரிந்த ஆசிரியருக்கு எட்டுப் பக்கத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பகா எண்களை என் போலிப் பட்டியலிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு வாதம் இதில் எங்கேயாவது இருக்கிறதா என்று புரட்டினாலே போதும். பத்து நிமிட வேலை. ஆகவே வாசகரே, படிக்காமல் அனுப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம், இப்படிப் படித்திருக்கலாம். உங்கள் சித்தப்பா அந்த 19 எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தன் நிரூபணத்தின் ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்க்கட்டும். எங்காவது ஒரு வரி "இந்தப் பட்டியலுக்கு இது செல்லாது" என்று நிற்க வேண்டும். நிற்கவே இல்லை என்றால் அனுப்பிப் பயனில்லை. நின்றால் அந்த வரியைத்தான் முதல் பக்கத்தில் எடுத்துப் போட வேண்டும்.

பெயர் தெரியாதவர் அனுப்பினால் மதிக்க மாட்டார்கள் என்ற புகாருக்கு என் பதில் யிதாங் ஜாங். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், ஐம்பதைத் தாண்டியவர், கட்டுரைகள் அதிகம் வெளியிடாதவர். ஒரு காலத்தில் சாண்ட்விச் கடையில் வேலை பார்த்தவர். அடுத்தடுத்த பகா எண்களுக்கு இடையிலான இடைவெளி 7 கோடியைவிடக் குறைவாக இருக்கும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்து, 2013 ஏப்ரல் 17 அன்று அன்னல்ஸுக்கு அனுப்பினார். மே 21-இல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஐந்தே வாரம். அந்தத் துறையின் பெரிய கைகளுக்கே அது நடுவர் வேலையாகப் போனது. நிபுணர்கள் பல ஆண்டுகளாக முட்டி நின்ற இடம் எது என்பது ஜாங்குக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தைத் தாண்டியது எப்படி என்பது கட்டுரையில் கண்ணுக்குத் தெரிந்தது.

நடுவர்கள் தவறவிடுவதும் உண்டு. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாகாமல் எந்த வரைபடத்தையும் தீட்ட நான்கு வண்ணங்கள் போதும் என்று 1879-இல் கெம்பே என்பவர் அமெரிக்காவின் இன்னோர் ஆய்விதழில் நிரூபணம் வெளியிட்டார். 1890-இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டும்வரை பதினோரு ஆண்டுகள் அது சரி என்றே உலகம் நம்பியது. மாறாக, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் (n 2-ஐவிடப் பெரிய முழு எண் என்றால் aⁿ + bⁿ = cⁿ ஆகும்படி நேர் முழு எண்கள் கிடையா என்பது) நடுவர் முறை பிரமாதமாக வேலை செய்தது. ஆண்ட்ரூ வைல்ஸ் அதை நிரூபித்துவிட்டதாக 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தபோது பத்திரிகைகளெல்லாம் முடிந்தது கதை என்று எழுதின. கட்டுரையைப் பிரித்துக்கொண்ட நடுவர்களில் ஒருவரான நிக் காட்ஸ், புரியாத இடங்களை மின்னஞ்சலில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு வைல்ஸிடம் பதில் இல்லை. சரிசெய்ய ரிச்சர்டு டெய்லரும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. திருத்திய வடிவம் 1995 மே மாதம் அன்னல்ஸில் வந்தது.

அன்னல்ஸையே திணறடித்தது தாமஸ் ஹேல்ஸின் கட்டுரை. பழக்கடையில் ஆரஞ்சுகளைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, சம அளவுள்ள கோளங்களை அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611-இல் கெப்ளர் சொன்னார். ஹேல்ஸ் 1998-இல் அதை நிரூபித்தார். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள், கூடவே கணினி நிரல்கள். பன்னிரண்டு நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, 99 சதவீதம் நம்புகிறோம், முழுதாகச் சான்றளிக்க எங்களால் முடியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கட்டுரை 2005-இல் வெளியானது. ஹேல்ஸுக்கு அந்த ஒரு சதவீதம் உறுத்தியது. நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணினி சரிபார்க்கும் வடிவில் எழுத ஒரு குழுவைத் திரட்டினார். 2014 ஆகஸ்டில் வேலை முடிந்தது. இப்போது லீன் போன்ற மென்பொருள்களில் இப்படி எழுதும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். படிகள் சரியா என்று கணினி பார்த்துக்கொள்ளும். இது படிக்கத் தகுந்த விஷயமா என்று சொல்ல இன்னும் ஆள் வேண்டும்.

இத்தனை வேலையும் சம்பளமில்லாமல் நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா, பணம் எங்கே போகிறது? அன்னல்ஸ் மாதிரிப் பல்கலைக்கழகமே நடத்தும் இதழ்கள் ஒரு பக்கம். லாபத்துக்கு நடத்தும் பெரிய பதிப்பகங்கள் மறுபக்கம். எழுதுவது, திருத்துவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள். முடிந்ததை அரசுப் பணத்திலேயே திரும்ப வாங்குகிறோம். இந்த விலை பொறுக்காமல் 2006-இல் எல்சேவியர் பதிப்பகத்தின் 'டோபாலஜி' இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. பெயர் பதிப்பகத்துக்குச் சொந்தம் என்பதால் லண்டன் கணிதச் சங்கத்தோடு சேர்ந்து 2008-இல் 'ஜர்னல் ஆஃப் டோபாலஜி' என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2016-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் டிமோதி கவர்ஸ் ஆரம்பித்த 'டிஸ்க்ரீட் அனாலிசிஸ்' இன்னும் எளிது. கட்டுரைகள் எல்லோரும் இலவசமாகப் படிக்கும் ஆர்க்கைவ் தளத்தில் கிடக்கும், இதழ் செய்வது நடுவரிடம் அனுப்பித் தேர்ந்தெடுப்பது மட்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே தேசம், ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்லூரி மாணவரும் படிக்கலாம். விருதுநகரில் இருக்கும் ஒரு மாணவிக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாண்டு முடிந்ததும் அதே கடைக்கு மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த 6,000 கோடியில் ஒரு துளியைச் சொந்தமாக, கட்டணமில்லாமல் நடக்கும் இதழ்களுக்கு ஒதுக்கினால் என்ன என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. நம் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். அதனால்தான் காசு கட்டினால் எதையும் போடும் இதழ்கள் இங்கே காளானாக முளைத்தன. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் எழுதிய அறுபது பக்கத்தை ஒரு வருடம் உட்கார்ந்து சரிபார்த்தவருக்கு அந்தக் கணக்கில் என்ன மதிப்பெண்? ஒரு பருவத்துக்கு இரண்டு வகுப்புகளைக் குறைத்துக் கொடுத்தால்கூட நடுவர் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள்.