மிட்டாயா, சேட்டையா?

அக்டோபர் மூன்றாம் வாரம் பிறந்தால் போதும், புதுச்சேரியில் மழலையர் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒரு வாசகம் முளைத்துவிடுகிறது: ‘தந்திரம் அல்லது விருந்து நிகழ்ச்சி. 31ஆம் தேதி மாலை 6 மணி. குழந்தைகள் பயமுறுத்தும் உடையில் வரவும்.’ ஹாலோவீன் மாலையில் வேஷம் கட்டிய பிள்ளைகள் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தின்பண்டம் கேட்டுக் கூவும் ‘டிரிக் ஆர் டிரீட்’ என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். சிலர் ‘தந்திரம் அல்லது உபசரிப்பு’ என்பார்கள். அதற்கு இது மேல் என்று சொல்ல வழியில்லை, இதற்கு அது மேல் என்றும் சொல்ல வழியில்லை.

அறிவிப்பைப் படிக்கும் பெற்றோர் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. பிள்ளை வேஷம் கட்டி ஆட ஆசைப்படுகிறது, ஒரு நாள் கூத்துதானே, போகட்டும். ஆனால் தந்திரமாமே, நமக்கு எதற்கு இந்த மந்திர தந்திர வேலை? வீடு வீடாகப் போய்க் கையேந்துவதை வேறு பள்ளிக்கூடத்திலேயே பழக்க வேண்டுமா? இந்தத் தயக்கத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைக் கிளப்பிவிட்டது மொழிபெயர்ப்பு.

முதலில் சொல்வரலாறு, சுருக்கமாக. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதன் முந்தின மாலைக்கு ஆங்கிலத்தில் இருந்த நீளப் பெயர் ஸ்காட்லாந்து வாயில் சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் இந்நாட்களில் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிச் சிறு அப்பம் வாங்கினார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேஷம் போட்டு ஒரு பாட்டோ பாடலடியோ சொல்லிவிட்டுத்தான் பண்டம் வாங்குவார்கள். ‘டிரிக் ஆர் டிரீட்’ என்ற தொடரை அச்சில் காட்டும் பழைய சான்றுகளில் ஒன்று 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து வந்த செய்தி. பிள்ளைகள் முன்வாசலிலும் பின்வாசலிலும் நின்று மிரட்டித் தின்பண்டம் பறித்ததை அது சொல்கிறது. அமெரிக்கா முழுக்க இது ஊன்றியது, போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947இல் நீங்கிய பிறகு. ‘டிரிக்’ பழைய பிரெஞ்சில் ஏமாற்று. ‘டிரீட்’ இலத்தீனில் கையாளுதல், பிறகு பேச்சுவார்த்தை, பிறகு தன் செலவில் பிறருக்கு வாங்கித் தருதல். ‘வேலை கிடைச்சிருக்கே, டிரீட் எப்போ?’ என்று நம் பையன்கள் கேட்பது இந்தக் கடைசிப் பொருள்.

அகராதியில் ‘டிரிக்’ என்றால் தந்திரம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டியதில்தான் முதல் கோணல். தமிழில் தந்திரம் என்பது மறைத்துச் செய்வது. நரித் தந்திரம், போர்த் தந்திரம், ராஜதந்திரம் எல்லாவற்றிலும் எதிராளிக்குத் தெரியாமல் காரியம் நடக்கிறது. வாசலில் நிற்கும் பிள்ளையோ ‘தராவிட்டால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே கூவுகிறது. கூவிச் சொல்லிவிட்டுச் செய்வது தந்திரமாகாது. அந்த நாட்களில் பையன்கள் செய்தது என்ன? சன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பது, வேலிப் படலைக் கழற்றித் தூக்கிப் போய் வேறெங்காவது போடுவது, தோட்டத்துக் கழிப்பறைக் கொட்டகையைக் கவிழ்ப்பது. இதற்குத் தமிழில் சேட்டை என்று பெயர். அளவு மீறினால் அழிம்பு. எப்படிப் பார்த்தாலும் தந்திரம் வராது.

இன்னொரு கெடுதல், தந்திரம் தமிழில் தனியாக வருவதில்லை, மந்திரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பேய் முகமூடி, மண்டையோட்டுப் படம், பக்கத்தில் ‘தந்திரம்’ என்று அச்சடித்தால் மாந்திரீகம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

விருந்துக்கு வருவோம். விருந்து என்றால் இலை போட வேண்டும். பழந்தமிழில் அது புதுமையையும், புதிதாக வந்தவரையும் குறித்த சொல். விருந்தோம்பல் என்பதில் விருந்து வந்த ஆள்தான், சோறு அல்ல. அந்தக் கணக்கில் வாசலில் நிற்கும் பிள்ளையே விருந்து, அதன் பைக்குள் விழும் மிட்டாய் விருந்தில்லை. உபசரிப்பு அதைவிட மோசம். வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை பேசுவது உபசரிப்பு. இங்கே பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை, கதவு திறந்து மூடுவதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ‘அல்லது’. வாயால் யார் ‘அல்லது’ சொல்கிறார்கள்? விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று வருவதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சமமாக நீட்டும் சொல் அது. டிரிக் ஆர் டிரீட்டில் தேர்வு ஏதுமில்லை, மிரட்டல்தான் உண்டு. ‘கேட்டதைக் கொடு, இல்லாவிட்டால் சேட்டை நடக்கும்’ என்பதே அதன் இலக்கணம். ஆங்கிலத்தில் தண்டனை முன்னால் நிற்கிறது, தமிழில் அது பின்னால் வரும்.

இந்த இலக்கணத்துக்குத் தமிழில் பஞ்சமா என்ன? தட்டோடு பிள்ளை பின்னால் ஓடும் எந்த அம்மாவைக் கேட்டாலும் தெரியும்: ‘சாப்புடுறியா, அடி வாங்குறியா?’ இரண்டு வினைச்சொல், இரண்டிலும் ஒட்டிய ஒரு ‘ஆ’. கேள்வி போல இருக்கும், கேள்வி இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இதன் பொருள் பிசகாது. ஆகவே வாசலில் நின்று சொல்ல வேண்டியது, ‘ஆன்ட்டி, மிட்டாய் தர்றீங்களா, சேட்டை பண்ணட்டுமா?’ தருபவர் வீட்டுக்காரர், பண்ணுபவர் பிள்ளை என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடுகிறது, ‘தர்றீங்களா’வில் மரியாதையும் கெடவில்லை. சுருக்கிக் கத்த வேண்டுமென்றால் ‘மிட்டாயா, சேட்டையா?’

மற்ற மொழிக்காரர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் ‘துரூக்கோ ஓ தராத்தோ’ என்கிறார்கள். தராத்தோ என்றால் உடன்படிக்கை. ‘டிரீட்’டோடு ஒரே இலத்தீன் வேரில் பிறந்த சொல்தான், ஒலியும் ஒத்துப்போகிறது, பொருள்தான் காணோம். பிள்ளை வாசலில் நின்று ‘ஏமாற்றா, ஒப்பந்தமா?’ என்று கேட்கிறது. இத்தாலியர் ஒலியை விட்டுவிட்டு ‘தோல்ச்செத்தோ ஓ ஸ்கெர்ட்செத்தோ’ என்று கட்டினார்கள்: குட்டி இனிப்பா, குட்டி விளையாட்டா? பிள்ளை வாய்க்கு ஏற்றபடி இரண்டு சொல்லையும் சின்னதாக்கியிருக்கிறார்கள், அதுதான் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சில் ‘தெ போன்போன் ஊ அன் சோர்’, அதாவது மிட்டாயா, மந்திரமா? பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறைந்த புதுச்சேரியில் இதைக் காட்டி ‘பார், பிரெஞ்சிலேயே மந்திரம் இருக்கிறது’ என்று தந்திரத்துக்கு வக்காலத்து வாங்கலாம். ஆனால் பிரெஞ்சுக்காரர் தேவதைக் கதைச் சூனியக்காரியின் குச்சியை நினைத்துச் சொல்கிறார். நம்மூரில் மந்திரம் என்றால் எலுமிச்சம்பழமும் குங்குமமும் முச்சந்தியும்.

‘பிச்சை’ என்ற முணுமுணுப்பும் இங்கே மட்டும் எழுவதல்ல. இங்கிலாந்தில் பல ஊர்க் காவல்துறை, ‘இந்த வீட்டில் தட்ட வேண்டாம்’ என்று கதவில் ஒட்டிக்கொள்ளத் தாள் அச்சடித்துத் தருகிறது. ஜெர்மனியில் அக்டோபர் 31, 1517இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் நினைவு நாள். அதை மிட்டாய் விழுங்குகிறதே என்ற குறை அங்கே உண்டு. நம்மிடமும் வீடு வீடாகப் போகும் வழக்கங்களுக்குக் குறைவில்லை. கொலுவுக்குப் போன சிறுமி ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கி வருவது ஸ்காட்லாந்து வழக்கத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம், குரங்கு வேஷம் கட்டி வீதி வீதியாகத் தர்மம் எடுப்பவர்களை யாரும் பிச்சைக்காரர் என்பதில்லை, அது நேர்த்திக்கடன், காசு கோயில் உண்டியலுக்குப் போகும். டிசம்பரில் கேரல் பாட வரும் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாயைத் தானே கொடுக்கிறார். தீபாவளிக்குப் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நம் பழக்கத்தில் பிள்ளை கை மேலே இருக்கிறது, இல்லையென்றால் அழைப்போ நேர்த்தியோ இருக்கிறது. டிரிக் ஆர் டிரீட்டில் கை கீழே போகிறது, பெற்றோருக்கு உறுத்துவது அதுதான். 2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்றே வந்தது. ஒரே மாலையில் ஒரே பிள்ளை கொடுக்கவும் கேட்கவும் வேண்டிய நிலை.

ஆனால் அமெரிக்காவிலும் அழைப்பு உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போக வேண்டும். நம் அறிவிப்புகளில் இந்த ஒரு வரியை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் பூஜை வேளையில் ஒரு கூட்டம் வந்து அழைப்பு மணியை அழுத்துகிறது, கதவைத் திறந்தவர் முகம் கோணுகிறது, ‘பிச்சையா எடுக்கிறீங்க?’ என்ற சொல் வந்து விழுகிறது. நம்மூரில் விளக்கு எப்படியும் எரியும், அது அடையாளமாகாது. கதவில் ஒரு பரங்கிக்காய்ப் படம் ஒட்டிய வீடுகளை மட்டும் தட்டுவது, மாலை 6 முதல் 7.30 வரை, ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், வீட்டுக்கு இரண்டு மிட்டாய், உறை பிரிக்காதது என்று எழுதினால் பாதிச் சண்டை அடங்கும். பத்து வீடு திறந்தால் ஒரு பிள்ளைக்கு இருபது, அதுவே அதிகம். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உருண்டையான கெட்டி மிட்டாயும் முழு வேர்க்கடலையும் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

பரங்கிக்காய் என்றதும் ஒன்று. ஹாலோவீனுக்கு அதைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். பள்ளிகள் ‘பூசணிக்காய் கொண்டுவரவும்’ என்று எழுத, பாதிப்பேர் சாம்பல் பூத்த கல்யாணப் பூசணியோடு வந்து நிற்கிறார்கள். அது ஆயுத பூஜைக்கு உடைக்கவும் திருஷ்டிக்கு முகம் வரைந்து தொங்கவிடவும் ஆவது. இங்கே வேண்டியது மஞ்சள் சதைப் பரங்கி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரங்கியர், அதாவது ஐரோப்பியர், கடல் வழியே கொண்டுவந்ததால் அந்தப் பெயர், கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலும் இருப்பது அதே பரங்கி. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். நம் பரங்கியின் தோல் கடினம், கத்தி வழுக்கும், பெரியவர்தான் வெட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் குடைந்த காய் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துக் குழைந்துவிடும், ஆகவே அன்று காலையில் குடைவதே சரி. உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு.

ஹாலோவீனைப் ‘பேய்த் திருவிழா’ என்று எழுதுவதும் இதே சோம்பலில் பிறந்ததுதான். பெயரில் பேய் இல்லை, புனிதர்தான் இருக்கிறார். உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவைத் திருவிழிப்பு என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அனைத்துப் புனிதர் திருவிழிப்பு என்றால் முடிந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்காக உப்பளம் கல்லறையில் சொந்தக்காரர் சமாதிக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்திருக்கும் வீட்டில் போய்ப் ‘பேய்த் திருவிழா’ என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? நடுவில் நவம்பர் 1, 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய விடுதலை நாள், விடுமுறை. முந்தின இரவு பிள்ளைகள் விழித்திருக்க வசதியாகிவிடுகிறது, அவ்வளவே சம்பந்தம்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘இனிப்பா, குறும்பா?’ என்பார்கள். நோக்கம் நல்லது. ஆனால் ‘இனிப்பா?’ என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டால் ‘எது இனிப்பா?’ என்று உள்ளிருந்து பதில் வரும். இனிப்பு என்றால் கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் லட்டும் மைசூர்பாகும். காகிதம் சுற்றியது மிட்டாய். இந்தி வழி வந்த சொல்தான், தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் ஆன பிறகு அதை ஊரைவிட்டு விரட்ட முடியாது. குறும்பு அருமையான சொல். ‘கொல்குறும்பும் இல்லது நாடு’ என்ற குறளில் (735) அது வேந்தனையே அலைக்கழிக்கும் குறுநிலத்தாரைக் குறிக்கிறது. வாசலில் நின்று மிரட்டிப் பறிக்கும் வாண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வம்சாவளி கிடைக்காது. ஆனாலும் இன்றைக்குக் குறும்பு பிள்ளையின் குணம், சேட்டை அது செய்கிற வேலை. ‘சேட்டை பண்ணட்டுமா’ என்பது நாக்கில் உட்காருகிறது, ‘குறும்பு பண்ணட்டுமா’ என்பது பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வருகிறது. சேட்டை வடமொழி என்பவர்கள், தந்திரம் எந்த மொழி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கூவும் வாசகம் இப்படி. அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் வேண்டுமே என்றால் ‘மிட்டாய் வசூல்’ போதும். வேஷம் கட்டி, கூட்டமாகக் கிளம்பி, கொடுத்தே ஆக வேண்டும் என்ற தோரணையில் வருவதற்கு நம்மூரில் புழங்கும் சொல் வசூல்தான். அது அரபுச் சொல்லாயிற்றே என்றால் ‘தண்டல்’ இருக்கிறது. ஆனால் தண்டல்காரர் என்றதும் தினவட்டிக்கு விடுபவர் முகம் நினைவுக்கு வரும் கடைத்தெருவில், அதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம்.