நூறு பேரைக் கூப்பிட்டால் ஒருத்தராவது மாட்டுவாரா?

என்னிடம் விற்பனைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் இன்னொருவனுக்கும் சிம் முடங்கிவிட்டது. மனை விற்கிற நிறுவனத்தில் டெலிகாலர். சொந்த நம்பரிலிருந்தே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். புகார் சேர்ந்து அவுட்கோயிங் நின்றது. "ஒரு நாளைக்கு 150 கால் டார்கெட் சார், நான் என்ன செய்ய?" என்கிறான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. டார்கெட் போட்ட டீம் லீடரைத்தான் திட்ட வேண்டும்.

"நூறு பேரைக் கூப்பிட்டா ஒருத்தராவது மாட்டுவார்." இந்தக் கணக்கைச் சொல்லாத மேலாளரே இல்லை. சரி, அந்த நூறு பேர் யார்? காசு கொடுத்து வாங்கிய எக்ஸெல் ஷீட்டில் இருப்பவர்கள். அதே ஷீட் உங்கள் போட்டியாளரிடமும் இருக்கிறது, கிரெடிட் கார்டு விற்பவரிடமும் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும்போது அந்த மனிதர் ஏற்கெனவே நாலு பேரிடம் 'வேண்டாம்' சொல்லி அலுத்திருப்பார். நூறை இருநூறாக்கினால் விற்பனை இரட்டிப்பாகாது, வசவுதான் இரட்டிப்பாகும். மனை வாங்கும் எண்ணமே இல்லாதவரை எத்தனை முறை கூப்பிட்டாலும் அவருக்கு அந்த எண்ணம் வரப்போவதில்லை.

அவனுடைய கால் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஆர்.என்.ஆர்., மணி அடித்தும் எடுக்கவில்லை. அப்புறம் சுவிட்ச் ஆஃப், ராங் நம்பர். 'ஹாட் லீட்', அதாவது வாங்க வாய்ப்புள்ளவர் என்று பச்சை அடித்திருந்தவர்கள் எல்லாரும் "வாட்ஸ்அப்ல டீடெயில்ஸ் அனுப்புங்க" என்று சொன்னவர்கள். தம்பி, அது ஆர்வம் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் பேசத் தெரியாதவர்கள் போனை வைக்கிற வழி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விளம்பர அழைப்புக்கு நிறுவனம் பதிவு செய்து 140 என்று தொடங்கும் எண் வாங்க வேண்டும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து கூப்பிடக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியை இன்னும் இறுக்கியது. 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் கட், மறுபடி மாட்டினால் ஓராண்டுக்கு எல்லா இணைப்பும் போய்விடும். யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவருக்குத்தான் அடி, டீம் லீடருக்கு இல்லை.

அதற்காக முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதே வீண் என்று சொல்ல மாட்டேன். திருப்பூரில் அட்டைப்பெட்டி விற்கிற ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு நிறுவனங்களைத்தான் கூப்பிடுவார், அதுவும் அலுவலக எண்ணில். எந்த யூனிட்டுக்கு எப்போது ஷிப்மென்ட், இப்போது யாரிடம் பெட்டி வாங்குகிறார்கள் என்று முன்பே விசாரித்திருப்பார். எடுத்தவுடன் "5 பிளையா, 7 பிளையா சார் போகுது உங்களுக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார் (பிளை என்றால் அட்டையின் அடுக்கு). எதிராளியும் பேசுகிறார், ஏனென்றால் அவருக்குப் பெட்டி தேவை. போனில் விலை பேசவே மாட்டார், சாம்பிள் கொண்டுவர நேரம் மட்டும் கேட்பார்.

புதிதாகச் சேருகிற பிள்ளைகளே, சொந்த சிம்மைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. நிறுவனம் எண் தராவிட்டால் வேறு வேலை பாருங்கள்.

மேலாளர்களே, விலைக்கு வாங்கிய ஷீட்டைத் தூக்கிப் போடுங்கள். ஏற்கெனவே மனை வாங்கியவரிடம் யாருக்காவது தேவையா என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்றவரின் எண்ணை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் புதுப் பையனிடம் 'ஃபிரெஷ் டேட்டா' என்று அதையே கொடுக்காதீர்கள். கொடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.