சென்சார்: எது தணிக்கை, எது தணிக்கை அல்ல?

நாடகத்தில் ஒரு காட்சியை இயக்குநரே வெட்டினாலும் 'சென்சார்' என்கிறோம். காவல்துறை தடுத்தாலும் அதே சொல்; நாலு பேர் எழுந்து கத்தி நிறுத்தினாலும் அதே சொல். மூன்றும் வேறு வேறு செயல்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதே தெரியாமல் போகிறது.

சென்சார் லத்தீன் சொல். பழைய ரோமில் ஒரு பதவியின் பெயர். குடிமக்களை எண்ணுவது, அவரவர் சொத்தை மதிப்பிட்டுப் பதிவது, ஒழுக்கம் கெட்டவர் என்று கருதியவரின் தகுதியைக் குறைப்பது ஆகியவை அந்த அதிகாரியின் வேலைகள். 'சென்சஸ்' இதனோடு பிறந்த சொல். தலை எண்ண வந்தவர் ஒழுக்கத்தையும் அளந்ததில் இன்றைய பொருள் முளைத்தது.

தமிழில் நிலைத்த சொல் தணிக்கை. சூட்டைத் தணிப்பதுபோலக் கருத்தைத் தணிப்பது என்று 'தணி'யிலிருந்து பொருள் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. தெலுங்கில் 'தனிகீ' என்றால் சோதனை. கன்னடத்தில் 'தனிகெ' என்றால் விசாரணை. அரபியின் 'தன்கீஹ்' வழியாக அலுவலக மொழிக்குள் வந்த சொற்குடும்பம் இது என்பதே ஏற்கத்தக்க விளக்கம். கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பவரையும் தணிக்கையாளர் என்பது இதனால்தான். ரோமானியச் சொல்லும் நம் சொல்லும் கணக்கேட்டிலிருந்தே மேடைக்கு வந்திருக்கின்றன. கணக்கில் பிழை இருந்தால் கூட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். வசனத்தை எந்த வாய்ப்பாட்டை வைத்துக் கூட்டுவது?

சொல்லைக் கறாராகப் பிடித்தால், மேடையேறும் முன்பே அதிகாரம் உள்ள ஓர் அலுவலகம் பிரதியை வாங்கிப் படித்து, அனுமதிப்பது அல்லது மறுப்பதுதான் தணிக்கை. இங்கிலாந்தில் அரண்மனை அதிகாரி ஒருவரிடம் 1737 முதல் 1968 வரை இந்த அதிகாரம் இருந்தது. 1843 சட்டப்படி, அரங்கேற்றத்துக்கு ஏழு நாள் முன்னதாகப் பிரதி அவர் கைக்குப் போக வேண்டும். ஆகாத வரிகளின் மேல் நீலப் பென்சில் ஓடும். இந்தியாவில் 1876இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்ற கல்கத்தா வழக்கறிஞர் ஒருவரைக் கிண்டல் செய்த நாடகம்தான் உடனடித் தூண்டுதல். 1954இல் சென்னை மாநிலம் தனிச் சட்டம் போட்டபோது எம்.ஆர். ராதாவின் நாடகங்களே குறி என்று பேசப்பட்டது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதமான தீர்ப்பு.

திரைப்படத்தோடு நாடகத்தை ஒப்பிடுவதில் ஒரு பிழை நேர்கிறது. படம் ஒருமுறை முடிந்தால் முடிந்தது. அதற்குச் சான்றிதழ் தரலாம். நாடகம் இரவுக்கு இரவு மாறும். பிரதியில் 'ஐயா, வணக்கம்' என்று மட்டும் இருக்கும். நடிகர் அதற்கு முன் மூன்று விநாடி நின்று, துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டுச் சொன்னால் ஊரின் சாதி அடுக்கு முழுவதும் மேடையில் வந்து நின்றுவிடும். தாளில் அதை எந்தப் பென்சிலும் அடிக்க முடியாது. ராதா அன்றைய செய்தியை அன்றிரவே வசனத்தில் சேர்ப்பவர். அவருக்குப் பிரதித் தணிக்கை எப்படிப் போதும்?

பிறரைப் புண்படுத்தாமல் பார்த்துக்கொள்ளும் சமூகக் கூருணர்வு வேறு. ஊனத்தையோ சாதிப் பெயரையோ உடல் நிறத்தையோ வைத்துச் சிரிப்பு வாங்கும் வசனத்தைக் குழுவே நீக்கினால் அது திருத்தம். ஒரு சமூகத்தைப் பற்றிய நாடகம் என்றால், ஒத்திகை பாதியைத் தாண்டுமுன் அந்தச் சமூகத்தவர் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து முழுப் பிரதியையும் உரக்கப் படித்துக் காட்டுவது நல்ல முறை. கடைசி வாரத்தில் செய்தால் பயனில்லை. காட்சி இறுகிப்போயிருக்கும், கருத்துச் சொல்பவர் குற்றம் சாட்டுபவராகத் தெரிவார். வன்முறைக் காட்சி இருந்தால் நுழைவாயிலில் ஒரு வரி அறிவிப்புப் போதும். எதை ஏற்பது என்ற முடிவு குழுவின் கையில் இருக்கும்வரை இது தணிக்கை ஆகாது. பயத்தில் நீக்கினால் அது சுயதணிக்கை. அடித்த வரி ஒன்றாகவே இருந்தாலும் அடித்த காரணம் வேறு.

வெளியே கோஷம் போடுவது எதிர்ப்பு, அது அவர்கள் உரிமை. உள்ளே புகுந்து விளக்கை அணைப்பது அடாவடி. அதற்குத் தணிக்கை என்ற மரியாதையான பெயர் வேண்டாம். 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னதும் இதுவே: ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக் கூடாது, கருத்துரிமையைக் காப்பது அரசின் கடமை.

இன்று அதிகம் நடப்பது இன்னொன்று. அரங்கம் கொடுத்தவர், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் 'பிரதியைக் கொஞ்சம் அனுப்புங்கள், மேலிடத்தில் கேட்கிறார்கள்' என்பார். மறுநாள் 'பராமரிப்புப் பணி' என்று அரங்கம் இல்லாமல் போகும். இதை மறைமுகத் தணிக்கை என்று சொல்வதே சரி. வாய்ப்பேச்சோடு விட்டால் வழக்குக்குப் பிடி இருக்காது. ரத்தையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், முன்பதிவு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், புகார் மனுவில் 'சென்சார் செய்தார்கள்' என்பதற்குப் பதிலாக 'பிரதியைக் கேட்ட பின் அனுமதி மறுத்தார்கள்' என்று தேதியோடு எழுதுங்கள்.